பனிக் காலத்துப் பாட்டும் வாசலில் நின்ற தப்பும்



மார்கழி பிறந்துவிட்டதென்று நம் மலையில் எவரும் வந்து அறிவிக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் கதவைத் திறந்தால், எதிரே உள்ள புல்வெளி உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். தண்ணீர் வாளியின்மேல் மெல்லிய கண்ணாடிபோல் பனி உறைந்திருக்கும். பள்ளத்தில் தேயிலை வைத்திருப்பவர்கள் இளஞ்செடிகளை இலைதழைகளால் மூடிவிட்டு, காலையில் எத்தனை செடி கருகிற்றோ என்ற கவலையோடு போய்ப் பார்ப்பார்கள். இந்தக் குளிரில்தான் நம் மலையின் மிகப் பழைய பாட்டுகள் எழுகின்றன. அவற்றைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறோம். அப்படிப் பேசத் தூண்டியது, சில ஆண்டுகளுக்கு முன் நாம் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியாகும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

தோட்டப்புறத்துப் பங்கு ஒன்றில் அன்று கிறிஸ்து பிறப்பின் முன்னிரவு. இளைஞர்கள் லைன் வீடுகள்தோறும் கீதப் பவனி சென்று கோவிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். பவனியின் முன்னே நான்கு இளைஞர்கள் தப்பு அடித்து வந்தார்கள். அவர்களுடைய தாளத்தைக் கேட்டுத்தான் குழந்தைகள் தூக்கம் கலைந்து வாசலுக்கு ஓடிவந்தன. கோவில் படியை அடைந்ததும் பெரியவர் ஒருவர் அவர்களை நிறுத்தினார். "தப்பை வெளியே வைத்துவிட்டு உள்ளே போங்கள், தம்பி. அது சாவுக்கு அடிப்பது" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, வழக்கத்தை நினைவூட்டுவதுபோலத்தான் சொன்னார். இளைஞர்களும் மறுத்துப் பேசவில்லை. நான்கு தப்புகளையும் சுவரோரம் சாய்த்துவிட்டுத் திருப்பலிக்குள் சென்றனர். அருகில் நின்ற நாமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் நம்மை உறுத்துகிறது.

கதிரவன் திரும்பும் நாள்

ஆண்டுதோறும் டிசம்பர் 21 அல்லது 22-ஆம் நாள் கதிரவன் தென்கோடியை எட்டி, வடக்கு நோக்கித் திரும்புகிறான். வடகோளத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் அதுவே. இலண்டன் மாநகரில் அன்று பகல் எட்டு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. இன்னும் வடக்கே உள்ள நாடுகளில் நண்பகலிலும் மாலைபோல் மங்கியிருக்கும். எனவே அந்நாடுகளின் மக்கள் பண்டைக்காலம் முதல் இந்நாள்களில் தீ மூட்டி, கூடிப் பாடி, ஒளி திரும்புவதைக் கொண்டாடினர். உரோமையில் கிறிஸ்து பிறப்பு விழா டிசம்பர் 25-இல் கொண்டாடப்பட்டதற்கான சான்று கி.பி. 336-ஆம் ஆண்டைச் சார்ந்தது. அந்த நாள் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதில் அறிஞர் பலவாறு கூறுவர். ஆயினும், இருள் மிகுந்த வேளையில் ஒளியின் பிறப்பைப் பாடுவது பொருத்தமே என்று திருச்சபைத் தந்தையர் கண்டனர்.

நம் பஞ்சாங்கமோ கதிரவனின் திருப்பத்தைத் தை முதல் நாளில் வைக்கிறது. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலை சுற்றுவதால், ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகிவந்துள்ளன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளாக இருந்தன.

உதகையில் டிசம்பர் மாதப் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். ஜூன் மாதப் பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். வேறுபாடு ஒன்றேகால் மணி அளவே. ஆதலால் நம் மலையில் கதிரவன் திரும்புவதை இருள் அறிவிப்பதில்லை, குளிர்தான் அறிவிக்கிறது. இங்குள்ள பழங்குடியினர் வானத்துக் கதிரவனை அளந்து விழா எடுப்பதில்லை; நிலவின் நாள்களையே கணக்கிடுகின்றனர். ஆயினும், அவர்களுடைய பெரும் விழாக்கள் பல, உறைபனி வெளுக்கும் இதே டிசம்பர், ஜனவரி வாரங்களில்தான் வருகின்றன.

மூன்று மக்களின் பாட்டு

1603-ஆம் ஆண்டில் இயேசு சபைக் குரு யாக்கோமே பெனிசியோ, பழைய கிறிஸ்தவர் எவரேனும் இம்மலைமேல் உள்ளனரோ என்று தேடி மேற்குப் புறத்திலிருந்து ஏறி வந்தார். அவர் தேடியவர்களைக் காணவில்லை; தோடரையும் படகரையும் கண்டார். ஐரோப்பியர் இம்மலையைப் பற்றி எழுதிய முதல் செய்தி அவருடையதே. நம் கோவில் மணி ஒலிக்கத் தொடங்கு முன்பே இம்மலை பாடிக்கொண்டிருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

தோடர் ஆண்டின் திருப்பத்தை ஒட்டி, உதகைக்கு அருகே முத்தநாடு மந்தில் கூடுகின்றனர். மொற்பர்த் என்பது அவ்விழாவின் பெயர். கூம்பு வடிவக் கோவில் நிற்கும் புல்வெளியில், சிவப்பும் கறுப்புமாய்ப் பூவேலை செய்த பூத்துக்குளி போர்த்த ஆடவர், கைகோத்து வட்டமாய் நின்று பாடி ஆடுவர். மேளம் இல்லை; ஊதுகுழலும் இல்லை; குரல் ஒன்றே கருவி. எமனோ என்னும் மொழியறிஞர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கியிருந்த காலத்தில் இவர்களுடைய பாடல்களைக் கேட்டுச் சேர்த்து, 1971-இல் பெரும் நூலாக வெளியிட்டார். தோடர் பாட்டில் எதுவும் தனியே சொல்லப்படுவதில்லை. ஒன்றைச் சொன்னால் அதற்கு இணையான மற்றொன்றையும் சொல்லியே முடிப்பர் என்று அவர் காட்டினார். நம் திருப்பாடல்களில் ஒவ்வோர் அடியும் தன் துணையடியோடு வருவதைப் பாடிப் பழகிய நமக்கு, இது அயலார் வழக்கமாகத் தோன்றாது.

படகர் தம் மூதன்னையாகிய ஹெத்தையை இதே பருவத்தில் போற்றுகின்றனர். கோத்தகிரிக்கு அருகே பேரகணி முதலிய ஊர்களுக்கு, வெள்ளுடை உடுத்திய மக்கள் கூட்டங்கூட்டமாய் நடந்து செல்வதை நீங்கள் சாலையில் கண்டிருப்பீர்கள். அவர்களுடைய வட்ட ஆட்டத்தையும் கண்டிருப்பீர்கள்.

மூன்றாமவர் கோத்தர். மலை முழுவதிலும் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே இருக்கும் சிறு மக்கள். கொல்லிமலை, திருச்சிகடி, புதுக் கோத்தகிரி, கீழ்க் கோத்தகிரி, குந்தா கோத்தகிரி, சோலூர் கோக்கால், கூடலூர் கோக்கால் என்னும் ஏழு ஊர்களில் வாழ்கின்றனர். ஒரு கரும்பசு முன்னே நடந்து, அடி பதித்த இடங்களில் தம் முன்னோர் ஊர்களை அமைத்தனர் என்பது அவர்கள் சொல்லும் கதை. இம்மலையின் கொல்லரும் தச்சரும் அவர்களே, பானை வனைந்தோர் அவர்களின் பெண்கள், இசைவாணரும் அவர்களே. நாம் இன்று சிறப்பாகப் பேச எடுத்துக்கொண்டது இவர்களைப் பற்றியே.

கோத்தரின் குளிர்கால விழா

அய்யனோர், அம்மனோர் எனத் தந்தையாகவும் தாயாகவும் தாம் வணங்கும் தெய்வங்களுக்குக் கோத்தர் இப்பருவத்தில் பல நாள் விழா எடுக்கின்றனர். வெளியூரில் வேலை பார்ப்போரும் ஊர் திரும்புவர். விழாவின் தொடக்கத்தில் எல்லாக் கருவிகளும் ஒருசேர முழங்கும். ஊர் ஒன்றாயிற்று என்பதற்கு அதுவே அடையாளம். இரவில் தீ வளர்த்து, அதைச் சுற்றி ஆடவர் ஆடுவர். விழா முதிரும்போது பெண்கள் ஆடும் நாளும் வரும். கைகொட்டித் தாமே பாடும் தெய்வப் பாடல்களும் அவர்களுக்கு உண்டு.

கருவிகளைக் கேளுங்கள். 'கொள்' என்பது இரட்டைச் சீவாளி கொண்ட ஊதுகருவி. நாகசுரத்தின் சிறிய உறவு எனலாம். ஊதுவோர் கன்னத்தில் காற்றை அடக்கி, இசை அறுபடாமல் ஊதுவர். 'கொப்' என்பது வளைந்த பித்தளைக் கொம்பு. 'டோபர்', 'கிண்வர்' என்பன உருளை வடிவ முழவுகள். இவற்றோடு குச்சியால் அடிக்கும் வட்டப் பறை ஒன்றும் உண்டு. அதன் பெயர் 'தபட்க்'. நம் 'தப்பட்டை' என்னும் சொல்லின் உடன்பிறப்பு அது என்பதை உங்கள் செவியே சொல்லும். முழவுகள் மாறாத தாளத்தைக் காத்து நிற்க, கொள் தன் போக்கில் உலாவி, குறித்த சில இடங்களில் மட்டும் தாளத்தோடு வந்து சேர்கிறது. முதன்முறை கேட்போருக்கு இரண்டும் பிரிந்து போவதாகத் தோன்றும்; பழகிய காதுக்கு அந்தச் சந்திப்புகளே இன்பம்.

இங்கே நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோத்தர் தெய்வ விழாவுக்கு உரிய மெட்டுகளையும் சாவுக்கு உரிய மெட்டுகளையும் வேறுவேறாக வைத்துள்ளனர். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊதுவது பெரும் பிழை. ஆனால் இரண்டு வேளைக்கும் அவர்கள் எடுப்பவை இதே வகைக் கருவிகள்தாம்: அதே கொள், அதே கொம்பு, அதே பறை. எல்லை கருவியின்மேல் அன்று, மெட்டின்மேல் வரையப்பட்டுள்ளது. 1990-களின் தொடக்கத்தில் இம்மலையில் தங்கி இவ்விசையைக் கற்ற அமெரிக்க அறிஞர் இரிச்சர்டு உல்ஃப், அந்தக் கரும்பசுவின் அடிச்சுவட்டையே தம் நூலுக்குத் தலைப்பாக்கி, கோத்தர் வாழ்வில் தெய்வ வேளையும் சாவு வேளையும் இசையால் எவ்வாறு வகுக்கப்படுகின்றன என்று விரிவாக எழுதியுள்ளார்.

இசைக்கு நேர்ந்த அவமதிப்பு

முற்காலத்தில் இம்மலையில் பணம் குறைவு. கொடுக்கல் வாங்கல் மிகுதி. தோடர் நெய் தந்தனர். படகர் தானியம் தந்தனர். குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் தந்தனர். கோத்தர் அரிவாளும் மண்வெட்டியும் பானையும் தந்தனர், இசையும் தந்தனர். படகர் வீட்டுச் சாவுக்குக் கோத்தர் இசை இன்றியமையாதது. ஆனால் இசைத்தவருக்குக் கூலி உண்டே தவிர மரியாதை குறைவு. வாசலில் நின்றே வாசித்தனர், தள்ளியே வைக்கப்பட்டனர்.

ஆங்கிலேயர் வந்த பின் சந்தை இரும்பும் சந்தைப் பானையும் வந்தன. 1930-களில் படகருள் சீர்திருத்தம் நாடியோர் கோத்தர் இசை இனி வேண்டாம் என்றனர். பழைமை விரும்பியோர் விட மறுத்தனர். இதனால் கட்சி பிரிந்து பூசலும் மூண்டது. கோத்தருள்ளும் புதிய எண்ணம் பிறந்தது. கொல்லிமலையில் சுள்ளி என்னும் ஆசிரியர் இருந்தார். எமனோவுக்கும் மேண்டல்பாம் என்னும் மானிடவியல் அறிஞருக்கும் கோத்தர் மொழியையும் வழக்கத்தையும் கற்பித்தவர் அவரே. தம் மக்கள் பிறர் முன் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று ஊராரின் எதிர்ப்பையும் தாங்கி உழைத்தார். மேண்டல்பாம் அவரைத் தம் மக்களின் சீர்திருத்தவாதி என்றே குறித்து எழுதினார். காலப்போக்கில் கோத்தர் பிறர் வீட்டுச் சாவுக்கு வாசிக்கும் வழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டனர்.

கைவிட்டது எதை என்று பாருங்கள். இழிவைக் கைவிட்டனர், இசையைக் கைவிடவில்லை. பிறர் வாசலில் நின்று வாசிக்க மறுத்த அதே கைகள், தம் தெய்வத்தின் முன் குளிர் இரவு முழுவதும் வாசிக்கின்றன. அதனால்தான் அவ்விசை இன்றும் உயிரோடு இருக்கிறது.

நம் வாசலுக்கு வருவோம்

நம் தோட்டங்களின் தப்புக்கும் இதே கதைதான், முடிவு மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. சமவெளியிலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறியவர்களோடு தப்பு வந்தது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து திரும்பி, அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களோடும் வந்தது. மரச்சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டிய எளிய கருவி. ஒரு கையில் நீண்டு மெலிந்த குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி. பனியில் தோல் தளர்ந்துவிடும். எனவே சருகோ தாளோ கொளுத்தி அனலில் காய்ச்சினால்தான் குரல் எழும். அதை அடித்தவர்களையும் ஊர் வாசலிலேயே நிறுத்தியது.

"அது சாவுக்கு அடிப்பது" என்றார் அந்தப் பெரியவர். நம் கோவில் மணி எதற்கு அடிக்கப்படுகிறது? காலை நண்பகல் மாலை மூவேளைச் செபத்துக்கு அதே மணி. திருமணத்துக்கு அதே மணி. ஒருவர் இறந்தால் விட்டுவிட்டுத் துக்கமாய் ஒலிப்பதும் அதே மணி. மணியின் அடியைக் கேட்டே இன்ன செய்தி என்று நாம் அறிகிறோம். சாவுக்கு அடித்ததற்காக அந்த மணியை நாம் கோபுரத்திலிருந்து இறக்கிவிட்டோமா? கோத்தர் தம் பறையைப் பற்றி அறிந்திருக்கும் உண்மையை, நாம் நம் மணியைப் பற்றி அறிந்திருக்கிறோம். தப்பைப் பற்றி மட்டும் அதை ஏற்க மறுக்கிறோம். அப்படியானால் நாம் வெளியே நிறுத்தியது சாவை அன்று; சாவுக்கு அடிக்க வைக்கப்பட்ட மனிதரை. இதை நாம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

திருச்சபையின் கட்டளை இதற்கு மாறானது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, 119-ஆம் பிரிவில், மக்களினங்கள் தமக்கென இசை மரபு கொண்டிருக்கும் நாடுகளில் அதற்கு உரிய மதிப்பும் வழிபாட்டில் தக்க இடமும் தர வேண்டும் என்கிறது. திண்டுக்கல்லில் அருள்சகோதரி சந்திரா தலைமையில் வளர்ந்த சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்து, அவர்களை மேடையேற்றித் தலை நிமிரச் செய்தது. 2025-ஆம் ஆண்டு மதுரையைச் சார்ந்த பறை ஆசான் வேலு அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நாடு எழுந்து நின்று கேட்கும் ஒலியை நம் பங்கின் படிக்கட்டில் தடுத்து நிறுத்தலாமோ?

ஆனால் ஓர் எச்சரிக்கை. விழாவுக்கு அழகாயிருக்கும் என்று எண்ணி, "நீதானே தப்பு அடிப்பவன், வா, அடி" என்று எவரையும் அழைக்க நமக்கு உரிமை இல்லை. எங்கள் பிள்ளைகள் இதைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்த குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. அவர்களின் முடிவு புண்பட்ட நெஞ்சிலிருந்து பிறந்தது. அதை மதிக்க வேண்டும். கோத்தரும் யாருடைய கட்டளைக்காகவும் வாசிக்கவில்லை. விரும்பி எடுப்பவர் எவராயினும், எந்தக் குடும்பத்துப் பிள்ளையாயினும், மதிப்போடு எடுக்கலாம் என்ற நிலையை உண்டாக்குவதே நம் கடமை.

இவ்வாண்டு நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். கீதப் பவனி உங்கள் வீட்டுக்கு வரும்போது, பாடுவோருக்குக் கொடுக்கும் தேநீரைத் தப்பு அடிப்போருக்கும் அதே கோப்பையில், அதே திண்ணையில் அமர்த்திக் கொடுங்கள். அவர்கள் பெயரைக் கேளுங்கள். யாரிடம் கற்றார்கள் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைகளும் அதைக் கேட்கட்டும். பங்குப் பேரவையில் இருப்போர், கோவில் முற்றத்தில் ஒரு மூலையில் தீ மூட்ட இடம் ஒதுக்குங்கள். தோல் காய்ச்சவும் கை காய்ச்சவும் அது உதவும். பிறப்புப் பாட்டுக்குப் பொருந்தும் அடி எது என்று பாடகர் குழுவும் தப்பு அடிப்போரும் முன்கூட்டியே அமர்ந்து பேசித் தேர்ந்துகொள்ளட்டும். மெட்டில் கவனமாயிருங்கள், கருவியை விலக்காதீர்கள்.

அந்த இரவின் எஞ்சிய பகுதியையும் சொல்லி முடிக்கிறோம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது புல்வெளி வெளுக்கத் தொடங்கியிருந்தது. சுவரோரம் இருந்த நான்கு தப்புகளும் பனியில் நனைந்து தோல் தளர்ந்து போயிருந்தன. ஓர் இளைஞன் தட்டிப் பார்த்தான், ஒலி எழவில்லை. எவர் மேலும் குறை சொல்லாமல் நால்வரும் சாலையோரம் குந்தி, பழைய தாள்களைக் கொளுத்தி, தோலைக் காய்ச்சினர். பிறகு லைன் வீடுகளை நோக்கி அடித்துக்கொண்டே இறங்கிச் சென்றனர். நெடுநேரம் அந்த ஒலி பள்ளத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

கிறிஸ்து பிறந்த இரவிலும் சத்திரத்தில் இடம் இல்லை என்று ஒரு குடும்பத்தை வெளியே நிறுத்தினார்கள். அடுத்த டிசம்பரில் அந்த நால்வர் நம் படியேறி வரும்போது, இம்முறை வாய் திறந்து, "உள்ளே வாருங்கள், தப்போடு வாருங்கள்" என்று சொல்வோமாக.